பேனா உடம்பில் ஓடும் வரிகள்

தஞ்சாவூர்ப் பக்கம் பழைய கர்ணம் வீடுகளில் மேசை இழுப்பறையைத் துழாவினால் இன்றும் ஒரு மைப்பேனா அகப்படலாம். ஊர்க் கணக்குப் பார்த்த கர்ணம் பதவியை 1980-ல் அரசு ஒழித்துவிட்டது. அடங்கல் கணக்கு எழுதிய பேனா வீட்டோடு தங்கிவிட்டது. அதன் உடம்பைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் எபோனைட். கற்பூரம் மணத்தால் செல்லுலாய்டு.

செல்லுலாய்டில் கற்பூரம் வாசனைக்காகச் சேர்த்ததில்லை. பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலங்களில் ஊறவைத்துக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸை இளக்கிப் பிசைய வைப்பதே கற்பூரமும் ஆல்கஹாலும்தான். அமெரிக்காவின் ஹையட் சகோதரர்கள் 1870-ல் இந்தக் கற்பூர முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். நிறம் சேர்த்த மாவைச் சூடான உருளைகளில் ஓட்டித் தகடாக்குவார்கள். பல நிறத் துண்டுகளைக் கலந்து அழுத்தினால் பளிங்குக் கோலம். முத்து மினுமினுப்புக்கு மீன் செதிலிலிருந்து எடுத்த சாறு.

1933-ல் வந்த பார்க்கர் வேக்குமேட்டிக் பேனாவின் பட்டைகள்தான் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி. முத்துத் தகடும் கருப்புத் தகடும் மாறி மாறி, கும்பகோணம் வெற்றிலைக் கவுளிபோல அடுக்கி, அழுத்தி ஒரே பாளமாக்கி, அடுக்குக்குக் குறுக்கே அறுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மை எவ்வளவு இருக்கிறதென்று தெரியும். அறுத்ததும் கடைந்துவிட முடியாது. ஆல்கஹால் மெல்ல வெளியேறும்வரை பதப்படுத்த வேண்டும். அவசரப்பட்டால் உடம்பு சுருங்கிக் கோணிவிடும்.

நம்மூர்க்காரர்கள் கைக்கு வாகானது எபோனைட். ரப்பரில் கந்தகத்தைத் தாராளமாகச் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்த சரக்கு அது. வேகுமுன் சிவப்பு, கருப்பு ரப்பரைச் சேர்த்து உருட்டினால் மரத்தின் ரேகைபோல் நெளி விழும். ராடு கிடைத்தால் போதும், சின்னக் கடைசல் பட்டறையிலேயே பேனா தயார். ராஜமுந்திரி ரத்னம், சென்னை காமா, திருவள்ளூர் ரங்கா எல்லாம் இப்படிக் கையால் கடைந்து பேர் வாங்கியவை. கோலம் ராடின் உள்வரை ஓடுவதால் எவ்வளவு கடைந்தாலும் அழியாது. ஒரு பேனாவின் நெளி இன்னொன்றில் அப்படியே வராது. இன்றைய அக்ரிலிக்கில் பளபளப்பு அதிகம்தான், ஆனால் உள்ளங்கையில் எபோனைட் தரும் கதகதப்பு அதில் இல்லை.

இப்படி ஒரு பேனா உங்கள் வீட்டில் இருந்தால் வெந்நீரில் மட்டும் கழுவாதீர்கள். எபோனைட்டை வெயிலில் வைத்தால் வெளிறிப் பழுப்பேறும். செல்லுலாய்டைக் காற்றுப்படும் இடத்தில், மற்றப் பேனாக்களை விட்டுத் தள்ளி வையுங்கள். விளக்குப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், சட்டென்று பற்றிக்கொள்ளும்.