பேசும் ஏரி

நுழையும்முன்

ஒரு மக்களை அவர்தம் நிலத்திலிருந்து அகற்றிவிடலாம்; அவர்கள் இட்ட பெயரை அகற்றுதல் எளிதன்று. அமெரிக்கப் புல்வெளி நிலத்தின் ஏரி ஒன்று இவ்வுண்மையை உணர்த்துகிறது.

ஏரியும் பெயரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மின்னசோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதி, ஒரு காலத்தில் உயரமான புற்கள் அடர்ந்த பெருவெளியாக இருந்தது. இன்று அதன் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயலாகிவிட்டது. அங்கு, மின்னசோட்டா ஆறு அகன்று பரவும் இடத்தில் அமைந்தது லக் கி பார்ல் ஏரி. 'பேசும் ஏரி' என்பது இப்பிரெஞ்சுப் பெயரின் பொருள். தொல்குடியினரான டகோட்டா மக்கள் வழங்கிய பெயரின் மொழிபெயர்ப்பே இது.

கூடார வாழ்க்கை

ஏரிக்கரையிலுள்ள மாநிலப் பூங்காவில் பயணிகள் கூடாரமிட்டுத் தங்குகின்றனர். குளிர்காய்வதற்கான விறகைத் தொலைவிலிருந்து கொண்டுவருதல் கூடாது. மரங்களை அழிக்கும் பூச்சிகள் விறகுடன் பரவும் என்பதே காரணம். இலையுதிர் காலத்தில், தெற்கு நோக்கி வலசைபோகும் கனடா வாத்துகள் ஆயிரக்கணக்கில் இங்கு இறங்குகின்றன. கூடாரத்தினுள் படுத்தவாறு அவற்றின் குரலைக் கேட்போருக்கு ஏரியின் பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

அகராதி வளர்ந்த கரை

பூங்காவிற்கு அருகில், 1835இல் மருத்துவர் தாமஸ் வில்லியம்சன் நிறுவிய கிறித்தவ சமயப்பணி நிலையத்தின் வரலாற்றிடம் உள்ளது. டகோட்டா மரபும் பிரெஞ்சு மரபும் கலந்த வணிகர் ஜோசப் ரென்வில், பிரெஞ்சு விவிலியத்தின் பகுதிகளை டகோட்டா மொழியில் எடுத்துரைக்க, சமயப் பணியாளர்கள் எழுதிக்கொண்டனர். இங்குப் பணியாற்றிய ஸ்டீபன் ரிக்ஸ் பதிப்பித்த டகோட்டா இலக்கணமும் அகராதியும் 1852இல் வெளிவந்தன.

பேசியவர் நிலை

அதற்கு முந்தைய ஆண்டிலேயே, ஒப்பந்தங்களின் வாயிலாக டகோட்டா மக்கள் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்திருந்தனர். 1862இல், நிலத்திற்கு ஈடாக வரவேண்டிய தொகை காலந்தாழ்ந்தது, பசி பெருகியது, போர் மூண்டது. இரு தரப்பிலும் பலர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று டகோட்டா ஆடவர் 38 பேர் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டில் அம்மக்களை மாநிலத்தைவிட்டே வெளியேற்றச் சட்டம் இயற்றப்பட்டது. சொற்கள் நூலில் நிலைபெற்றன. அவற்றைப் பேசியோர் கரையில் இல்லை.

பின்னாளில் சிலர் திரும்பிவந்து குடியேறினர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று தம் மொழியை மீண்டும் கற்பிக்க முயல்கின்றனர். ஏரிக்கரையில் ஓர் இரவு தங்குவோர் இயற்கையின் எழிலை மட்டும் கண்டு திரும்பினால் போதாது. அது யாருடைய மொழியில் முதலில் பெயர் பெற்றது என்பதையும் அறிந்து திரும்புதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலுள்ள நீர்நிலை ஒன்றின் பெயர்க் காரணத்தை முதியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.