டோக்கியோவில் மாணவர், மணிலாவில் டீச்சர்

2007 அக்டோபரில் ஜப்பானில் ஒரு கடை மூடியது, இன்னொரு கடை திறந்தது.

மூடியது நோவா. ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் கிளை வைத்து, வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைத்து, ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்த நிறுவனம். அந்தத் துறையிலேயே பெரியது. அக்டோபர் 26 அன்று அது திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. லட்சக்கணக்கான மாணவர்கள் முன்கூட்டியே கட்டிய பணம் முடங்கியது. சம்பள பாக்கியோடு ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அந்நிய ஊரில் திண்டாடினார்கள். சாப்பாட்டுக்குப் பதில் பாடம் எடுத்தவர்களைப் பற்றிக்கூடச் செய்திகள் வந்தன.

திறந்தது ரேர்ஜாப். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. கையில் ஸ்கைப், எதிர்முனையில் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர்கள் சிலர். இதை மட்டும் முதலாக வைத்து இரண்டு ஜப்பானிய இளைஞர்கள் தொடங்கினார்கள். ஒரு மாணவர், ஒரு டீச்சர், 25 நிமிடம். கட்டணம் மாதாமாதம். ஏழு ஆண்டுகள் கழித்து, 2014இல், அந்த நிறுவனம் டோக்கியோ பங்குச்சந்தைக்கு வந்தது. அதற்குள் அதே பாணியில் வேறு பல நிறுவனங்களும் முளைத்துவிட்டன.

ஆங்கிலம் பேசுவதற்கு ஜப்பானியர்கள் ஏன் இவ்வளவு செலவு செய்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் ஆறு ஆண்டுகளாவது ஆங்கிலம் படித்தவர்கள் அவர்கள். ஆனால் படித்தது தேர்வுக்காக. இலக்கணம், மொழிபெயர்ப்பு, படித்துப் புரிந்துகொள்வது என்றே பாடம் போனது. வாயைத் திறந்தால் மார்க் கிடையாது. வேலைக்கு ஆள் எடுக்கையில் ஜப்பானிய நிறுவனங்கள் பெரிதும் பார்க்கும் டோயிக் தேர்வு 1979இல் தொடங்கியது. அது பல காலம் கேட்பதையும் படிப்பதையும் மட்டுமே சோதித்தது. பேசவும் எழுதவும் தனித் தேர்வு வந்தது 2006 இறுதியில்தான். ரகுடென் நிறுவனம் 2010இல், அலுவலகத்துக்குள் இனி ஆங்கிலம்தான் என்று அறிவித்தபோது, நல்ல மதிப்பெண் வைத்திருந்தவர்களும் கலங்கிப்போனார்கள். டோக்கியோவின் அரசு உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வு 2022 நவம்பரில்தான் முதன்முதலாக நடந்தது. ப்ளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மார்க் எடுத்துவிட்டு இன்டர்வியூவில் நா எழாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்த நமக்கு, இந்தத் தவிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 பேர் உள்ள வகுப்பு, 50 நிமிடப் பாடம். ஆசிரியர் பாதி நேரம் பேசுகிறார். மீதி 25 நிமிடத்தை எல்லா மாணவர்களுக்கும் சரிசமமாகப் பங்கிடுகிறார். அப்போதும் ஒரு மாணவருக்குக் கிடைப்பது 40 விநாடிகூட இல்லை. தனி டியூஷனில் 25 நிமிடத்தில் பாதியை மாணவர் பேசினால் அது 12 நிமிடத்துக்கும் மேல். ஒரே ஒரு தனி வகுப்பு, பேச்சுக்கணக்கில் 20 பள்ளி வகுப்புகளுக்குச் சமம். பேச்சுப் பயிற்சியில் விலை கொடுத்து வாங்கும் சரக்கு இந்த நேரம்தான். டீச்சரின் பட்டம், பாடப்புத்தகம், சான்றிதழ் எல்லாம் அதற்கு அப்புறம்.

காதால் கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கனடாவில் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சில் படித்த பிள்ளைகளை மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் கவனித்தார். பல ஆண்டுகள் பிரெஞ்சைக் கேட்டு நன்றாகப் புரிந்துகொண்ட அந்தப் பிள்ளைகளின் பேச்சில் பிழைகள் அப்படியே இருந்தன. கேட்டுப் புரிந்துகொள்வது மட்டும் போதாது, சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் வேண்டும் என்று 1985இல் அவர் எழுதினார்.

சரி, ஏன் பிலிப்பைன்ஸ்? 1901 ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்ற கப்பலில் ஏறக்குறைய 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். அன்று தொடங்கிய ஆங்கிலப் பள்ளிக் கல்வி அங்கே வேரூன்றிவிட்டது. இன்றும் பிலிப்பினோ மொழியோடு ஆங்கிலமும் அங்கே ஆட்சி மொழி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாமல் கற்றுத் தேர்ந்த பட்டதாரிகள் அங்கே ஏராளம். இன்னொரு காரணம் கடிகாரம். டோக்கியோவில் இரவு 9 மணி என்றால் மணிலாவில் 8. அலுவலகம் விட்டு வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டு உட்காரும் ஜப்பானியருக்கு, தூக்கம் கெடாமல் பாடம் சொல்ல எதிர்முனையில் ஆள் தயார். லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ இது அவ்வளவு சுலபமில்லை. கொரியர்கள் இன்னொரு வழி கண்டார்கள். செபுவிலும் பாகியோவிலும் பள்ளிகளைத் தொடங்கி, தடுப்புப் பலகை வைத்த சின்னச் சின்ன அறைகளில் நாள் முழுக்க ஒருவருக்கு ஒருவர் என உட்காரவைத்துப் பேசவைத்தார்கள்.

இந்த 25 நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது? பெரும்பாலும் வகுப்பு ஒரு சின்னச் செய்திக் கட்டுரையோடு தொடங்கும். மாணவர் உரக்கப் படிப்பார். தடுக்கிய சொற்களை டீச்சர் சொல்லச் சொல்ல மாணவர் திரும்பச் சொல்வார். பிறகு அந்தச் செய்தியை ஒட்டிப் பேச்சு. பேசப் பேச, திருத்தங்களை டீச்சர் திரையோரத்துச் சாட் பெட்டியில் தட்டிக்கொண்டே இருப்பார். வகுப்பு முடிந்ததும் அது ஒரு குறிப்பாக மாணவருக்குப் போய்ச் சேரும்.

டீச்சரின் கெட்டிக்காரத்தனம் வெளிப்படுவது திருத்தும் இடத்தில்தான். “யெஸ்டர்டே ஐ கோ ஹாஸ்பிட்டல்” என்கிறார் மாணவர். “ஓ, யூ வென்ட் டு த ஹாஸ்பிட்டல்? வாட் ஹேப்பண்ட்?” என்று டீச்சர் பரிவோடு கேட்கிறார். “மை மதர் இஸ் சிக்” என்று மாணவர் பதில் சொல்ல, பேச்சு அம்மாவின் உடம்பைப் பற்றிப் போய்விடுகிறது. ‘கோ’வை ‘வென்ட்’ என்று டீச்சர் திருத்தியது மாணவரின் காதில் விழவே இல்லை. அவர் கேட்டது கேள்வியை மட்டும்தான். ராய் லிஸ்டர், லைலா ராண்டா என்ற இரு ஆய்வாளர்கள் கனடா வகுப்பறைகளில் இதை எண்ணியே பார்த்தார்கள். 1997இல் வந்த அவர்களின் ஆய்வின்படி, ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 சதவீதம் இந்த வகை, அதாவது சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பிச் சொல்வது. அவற்றில் 31 சதவீதத்துக்குத்தான் மாணவர்களிடமிருந்து எந்த எதிர்வினையும் வந்தது. டீச்சர் ஒரு நொடி நிறுத்தி, “நேற்று நடந்ததைச் சொல்கிறீர்களா? அப்படியானால் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டு, மாணவர் வாயாலேயே ‘வென்ட்’டை வரவழைக்க வேண்டும். அப்போதுதான் அது ஒட்டும். 40 பேர் இருக்கும் வகுப்பில் இப்படி ஒருவருக்காக நிற்க முடியாது; எல்லோர் முன்னாலும் நிறுத்தினால் மாணவர் கூனிக்குறுகிப் போவார். தனி டியூஷனில் வெட்கப்படுவதற்குப் பார்வையாளர்களே இல்லை.

ஒருவருக்கு ஒருவர் பாடம் சொல்வதன் பலத்தைப் பேசும்போதெல்லாம் பெஞ்சமின் புளூம் பெயர் வரும். தனியாகப் பாடம் கேட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் 98 சதவீத மாணவர்களைத் தாண்டிவிட்டார் என்று 1984இல் இந்த அமெரிக்கக் கல்வியாளர் எழுதினார். டியூஷன் விளம்பரங்களுக்கு இனிப்பான கண்டுபிடிப்பு. ஆனால் பின்னாளில் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த கர்ட் வான்லென் 2011இல் காட்டிய அளவு அதைவிடக் குறைவு. சராசரி மாணவர் 100 பேரில் ஏறக்குறைய 78 பேரைத் தாண்டுவார் என்கிற அளவு. அதுவே பெரிய லாபம்தான். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இவை பெரும்பாலும் கணக்கு, அறிவியல் போன்ற பாடங்களை வைத்து அளந்தவை; ஆங்கிலப் பேச்சுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

தனி டியூஷனின் இன்னொரு சௌகரியம், பாடத்திட்டத்தை மாணவரின் வாழ்க்கையிலிருந்தே எடுக்கலாம் என்பது. நூறாண்டுக்கு முந்தைய ஒரு நல்ல உதாரணம் இத்தாலியக் கரையோர நகரமான ட்ரியஸ்தேயில் கிடைக்கிறது. எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் அங்கே பெர்லிட்ஸ் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பிறகு வீடு வீடாகப் போய்த் தனிப் பாடம் எடுத்துப் பிழைத்தார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் எத்தோரே ஷ்மிட்ஸ். கப்பல்களுக்குப் பூசும் பெயின்ட் தயாரிக்கும் குடும்ப நிறுவனத்தில் பொறுப்பில் இருந்தவர். லண்டனில் அவர்களுக்கு ஒரு தொழிற்சாலை இருந்ததால் ஆங்கிலம் தேவைப்பட்டது. மாணவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஆசிரியருக்கு இருபத்தைந்து. பாடம் பெயின்ட் வியாபாரத்தோடு நிற்கவில்லை. ஜாய்ஸ் தன் கதையை வாசித்துக் காட்டினார். மாணவர், இத்தாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில் தான் எழுதி யாரும் கண்டுகொள்ளாத இரண்டு நாவல்களை எடுத்துக் கொடுத்தார். ஜாய்ஸ் அவற்றைப் படித்துப் பாராட்டினார். 1923இல் ஸ்வேவோவின் மூன்றாவது நாவல் வந்தபோது, அதைப் பாரீஸ் இலக்கிய உலகத்துக்குக் கொண்டுசேர்த்தவரும் இந்த டியூஷன் வாத்தியார்தான். எல்லா மாணவர்களும் நாவலாசிரியர்கள் இல்லை. ஆனால் எல்லோரிடமும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகிறவருக்கு நோயாளியிடம் வலியைப் பற்றி விசாரிக்கத் தெரிய வேண்டும். ஏற்றுமதி நிறுவனத்தில் இருப்பவர், சரக்கு தாமதமானதைப் போனில் பக்குவமாகச் சொல்ல வேண்டும். இருவருக்கும் ஒரே புத்தகத்தின் ஏழாவது பாடத்தை நடத்துகிற டீச்சருக்குத் தனிக் கட்டணம் எதற்கு?

உச்சரிப்பு விஷயத்துக்கு வருவோம். அமெரிக்கரோ ஆங்கிலேயரோ சொல்லிக்கொடுத்தால்தான் ஆங்கிலம் என்கிற எண்ணம் ஜப்பானிலும் ஆழமாக இருந்தது; நோவா வளர்ந்ததே அதை நம்பித்தான். தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர் என்பது வெறும் பிரமை என்று மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இலேயே வாதிட்டார். மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலும், 2018இல் வந்த துணைத் தொகுதியில், தாய்மொழிக்காரரைப் போலப் பேசுவதை இலக்காகக் காட்டிய சொற்களை நீக்கிவிட்டது. கேட்பவருக்குத் தெளிவாகப் புரிகிறதா என்பதே இன்றைய கேள்வி. ஆங்கிலத்தைத் தானும் தட்டித் தடுமாறிக் கற்ற மணிலா டீச்சருக்கு, மாணவர் எங்கே தடுக்குவார் என்பது முன்கூட்டியே தெரியும்.

அப்படிப்பட்ட டீச்சருக்குத் தாய்மொழிக்காரரைவிடக் குறைந்த கூலி கொடுப்பது இந்தத் தொழிலின் பெரிய அநியாயம். அவர்களில் பெரும்பாலோர் ஊழியர்கள் அல்லர். வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒப்பந்தக்காரர்கள். மின்சாரமும் இணையமும் அவர்கள் செலவு. புயல் அடித்து லைன் போனால் நஷ்டமும் அவர்களுடையது. வகுப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று மகிழ்கிற மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

அரசாங்கம் ஒரு கையெழுத்தில் இந்தத் தொழிலைப் புரட்டிப் போட்டதும் உண்டு. 2021 ஜூலையில் சீனா கொண்டுவந்த டியூஷன் கட்டுப்பாடுகள், வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதைத் தடை செய்தன. வட அமெரிக்க ஆசிரியர்களை வைத்து வளர்ந்த விஐபிகிட் நிறுவனம் அடுத்த மாதமே அந்த வகுப்புகளைச் சீனாவில் விற்பதை நிறுத்தியது.

இப்போது மனிதரே இல்லாத டியூட்டர்களும் வந்துவிட்டன. 2023 மார்ச்சில் மொழி கற்பிக்கும் செயலியான டுவோலிங்கோ, செயற்கை நுண்ணறிவோடு பேசிப் பழகும் வசதியை அறிமுகம் செய்தது. நள்ளிரவில் கூப்பிட்டாலும் பேசும், ஒரே வாக்கியத்தை நூறு தடவை சொன்னாலும் சலிக்காது. வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவருக்கு நல்ல தொடக்கம். ஆனால் அரைகுறையாகச் சொன்னாலும் அது ஊகித்துப் புரிந்துகொள்கிறது. எதிரே இருப்பவர் முகம் சுளித்து “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்கும்போது வரும் நெருக்கடியைச் சமாளித்துப் பழக, மனிதர்தான் வேண்டும்.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் தோராயக் கணக்கில், பி1 நிலையை எட்ட 350 முதல் 400 மணி நேர வழிகாட்டுதலோடு கூடிய படிப்பு தேவை. வேலையிடத்தில் தைரியமாகப் பேச உதவும் பி2 நிலைக்கு 500 முதல் 600 மணி நேரம். தினமும் 25 நிமிடம், ஒரு நாள்கூட விடாமல் படித்தால் ஆண்டுக்கு 150 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். ஆக, பி1இல் இருப்பவர் பி2 போக ஓராண்டுக்கு மேலாகலாம். ‘முப்பதே நாளில் சரளம்’ என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

ஆங்கிலப் பேச்சுக்கு டியூட்டர் தேடும் வாசகர்கள் முதலில் ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். அனுமதி வாங்கி அதைப் போனில் பதிவு செய்து, வீட்டில் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பாதி நேரமாவது நீங்கள் பேசியிருக்கிறீர்களா? உங்கள் பிழையை டீச்சர் உங்கள் வாயாலேயே திருத்தவைத்தாரா? பேசிய விஷயம் உங்கள் வேலையை, உங்கள் வீட்டைத் தொட்டதா? மூன்றுக்கும் ஆம் என்றால் சேருங்கள். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நோவா மாணவர்கள் பணத்தை இழந்தது அப்படித்தான். மாதாமாதம் கட்டுங்கள்.