மூக்கில் அடித்த மருந்து... முகம் உப்பிய மர்மம்!

"உடம்பு இளைக்க ஏதாவது சூரணம் கொடுங்க டாக்டர்!"

மாமியாரோடு வந்திருந்தார் அந்தப் பெண். வயது 40 இருக்கும். முகம் பௌர்ணமி நிலா மாதிரி உருண்டிருந்தது. வயிறு பெருத்திருந்தது. ஆனால் கையும் காலும் குச்சி! சாதாரணமாகச் சதை போட்டால் எல்லா இடத்திலும்தானே போடும்? வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் வேறு. ரத்த அழுத்தமும் அதிகம்.

"ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?"

"இல்லவே இல்லை டாக்டர்!"

மாமியாரைச் சற்று வெளியே உட்காரச் சொன்னேன். "வேற மாத்திரை எதுவாச்சும்...?" என்று மெல்லக் கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அழுகை.

அவருக்கு எச்.ஐ.வி. தொற்று. புடவைகளுக்கு அடியில் மாத்திரை டப்பாவை ஒளித்து வைத்து, ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார். அதில் அட்டசானவிர், ரிட்டோனவிர் இரண்டும் உண்டு. இதற்கிடையே ஓயாத தும்மலுக்காக, ஆறு மாதமாக மூக்கில் ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரே. அதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் எச்.ஐ.வி. பற்றி மூச்சு விடவில்லை. அந்த ஸ்பிரே ஒரு ஸ்டீராய்டு என்பதும் இவருக்குத் தெரியாது!

நடந்தது என்ன?

'மூக்கில் அடிக்கிற மருந்து இவ்வளவு பண்ணுமா?' என்று கேட்பீர்கள். சாதாரணமாகப் பண்ணாது. உள்ளே போவதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி சிதைத்துவிடும். ஆனால் ரிட்டோனவிரின் வேலையே அந்த நொதியைக் கட்டிப் போடுவதுதான். அப்போதுதான் அட்டசானவிர் ரத்தத்தில் நீண்ட நேரம் தங்கும். கூட்டுகிற ஆளைக் கட்டிப் போட்டால் வாசலில் குப்பை சேராதா? அப்படித்தான் ஸ்டீராய்டும் சேர்ந்துவிட்டது.

மூட்டில் போடும் ட்ரையாம்சினலோன் ஊசி, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் புடசோனைடு... இவற்றிலும் இதே ஆபத்து உண்டு.

இன்று நம் நாட்டில் பெரும்பாலானோர் முதலில் சாப்பிடும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு மாத்திரையில் இந்தத் தொல்லை இல்லை. ரிட்டோனவிர் சேர்ந்த மருந்து சாப்பிடுபவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம். ஸ்டாவுடின் என்ற பழைய மருந்தாலும் உடம்பின் வடிவம் மாறியது. அதில் கன்னம் ஒட்டிப் போகும். இதில் கன்னம் உப்பும். பக்கவிளைவுகள் காரணமாக ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடும்படி 2009-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

சட்டென்று நிறுத்தாதீர்கள்!

இதைப் படித்ததும் மருந்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிவிடும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி... உயிருக்கே ஆபத்து. எச்.ஐ.வி. மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. கிருமி மறுபடி பெருகிவிடும்.

அந்தப் பெண்ணுக்கு நான் சூரணம் தரவில்லை. ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். ரத்தத்தில் கார்டிசால் மிகக் குறைவு என்று தெரிந்தது. ஸ்பிரேயை நிறுத்தி, சுரப்பி விழிக்கும்வரை ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்தார்கள். சில மாதங்களில் பழைய முகம் திரும்பியது.

எங்கள் பக்கமும் ஒரு வார்த்தை

சித்த மருத்துவனாக வெட்கத்தோடு சொல்கிறேன்: 'மூலிகை' என்று விற்கும் சில மூட்டுவலிப் பொடிகளில் டெக்சாமெத்தசோனைக் கலக்கும் மோசடி உண்டு. ஒரே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள்! எங்களிடம் வரும்போதும் மாத்திரைச் சீட்டை மறைக்காதீர்கள். சங்கு பற்பத்தில் சுண்ணாம்புச் சத்தும், அயச் செந்தூரத்தில் இரும்பும் இருக்கின்றன. டோலுடெக்ராவிர் உடம்பில் சேருவதை இவை குறைத்துவிடும். ஆகவே எதை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயம் வேண்டாம். உங்கள் சம்மதமில்லாமல் நோயை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது.

கடைசியாக வீட்டுப் பெரியவர்களுக்கு... அந்தப் பெண் அழுதது நோயை நினைத்து அல்ல. "அத்தைக்குத் தெரிஞ்சா என்னைத் தட்டு, டம்ளரோட தள்ளி வெச்சிடுவாங்க டாக்டர்" என்றுதான் அழுதார். ஒரே தட்டில் சாப்பிடுவதால் எச்.ஐ.வி. பரவாது. ஆனால் வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிற வீட்டில், மூக்குக்கு அடிக்கிற மருந்துகூட விஷமாகிவிடும்!