ஒளிரும் கரித்துணுக்குகள்

2004-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கரோலினா சர்வகலாசாலையில், மின்வில்லில் உண்டான புகைக்கரியிலிருந்து கார்பன் நானோகுழாய்களைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்ய முற்பட்ட இரசாயன ஆராய்ச்சியாளர்கள், அக்கரியை மின்புலத்தில் செலுத்தியபோது, தாம் தேடாத பதார்த்தம் ஒன்றும் உடன் பிரிந்து வருவதையும், புற ஊதாக் கதிர் பட்ட மாத்திரத்தில் அது வண்ணம் வண்ணமாக ஒளிர்வதையும் கண்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அதே மாநிலத்துக் கிளெம்சன் சர்வகலாசாலையில் யா-பிங் சன் என்பவரும் அவருடைய சகாக்களும், கிராஃபைட்டின்மீது லேசரைப் பாய்ச்சி இத்தகைய துணுக்குகளை ஆக்கி, அவற்றின் மேற்பரப்பை வேறு கரிமச் சேர்மங்களால் போர்த்திப் பிரகாசத்தை மிகுவித்து, 'கார்பன் புள்ளிகள்' என்று நாமகரணமும் செய்தார்கள். பெரும்பாலும் பத்து நானோமீட்டருக்கு உட்பட்ட சூட்சும உருவங்கள் இவை.

காட்மியம் கலந்த குறைகடத்தித் துணுக்குகளான குவாண்டம் புள்ளிகளின் ஒளி இவற்றினும் சுத்தமானதுதான். 2023-இல் இரசாயனத்திற்கான நோபல் பரிசும் குவாண்டம் புள்ளிகளுக்கே கிடைத்தது. எனினும் காட்மியம் விஷம், கரியோ மலிவு. சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன் டைஅமீனையும் நீரில் கரைத்து, டெஃப்ளான் உள்ளுறையிட்ட எஃகுக் கலத்தில் அடைத்து, சுமார் 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் அடுப்பில் வைத்தால் காரியம் முடிந்தது. 2012-இல் ஒடிசாவின் ரூர்கேலாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஆரஞ்சுச் சாற்றிலிருந்தும், அதே ஆண்டில் சீன ஆராய்ச்சியாளர்கள் பம்பளிமாசுத் தோலிலிருந்தும் கார்பன் புள்ளிகளை ஆக்கிக் காட்டினார்கள். அதன்பின் வேகவைக்கப்படாமல் தப்பிய பழமோ இலையோ உண்டா என்பது சந்தேகமே!

பம்பளிமாசுத் தோலில் பிறந்த புள்ளிகளின் விசேஷம், நீரில் கலந்த பாதரசத்தை அவை காட்டிக் கொடுத்தமையாகும். பகல் வெளிச்சத்தில் நீர்த்த தேநீர்போல் தோன்றும் கரைசல், புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்கிறது. அதில் பாதரச உப்புக் கரைந்த நீரைத் துளித்துளியாக விட விட, அந்நீலம் மங்கிக்கொண்டே வருகிறது. புள்ளியின் விளிம்பிலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் தொகுதிகளைப் பாதரச அயனி பற்றிக்கொள்வதால், ஒளியை விழுங்கிக் கிளர்ச்சியுற்ற எலக்ட்ரான், பெற்ற சக்தியை மீண்டும் ஒளியாக உமிழாமல் அயனியின் பக்கம் சென்றுவிடுகிறது என்று விளக்குவார்கள். மங்கிய அளவைக் கணித்தால் பாதரசத்தின் அளவு தெரியும். குடிநீரில் கனிமப் பாதரசம் லிட்டருக்கு ஆறு மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்திருப்பதால், உணரியாகப் பயன்படும் புள்ளி அத்துணை நுண்ணிய அளவையும் அறிய வேண்டியிருக்கிறது.

ஆயினும் ஒளி மங்கியதெல்லாம் உணர்ந்ததற்கு நிரூபணமாகிவிடாது. ஃபெரிக் இரும்பு அயனி புற ஊதாக் கதிரைத் தானே விழுங்கும் இயல்புடையது; விளக்கின் கதிர் புள்ளியைச் சேருமுன்பே வழியில் தடுக்கப்பட, ஒளி குன்றுவதைக் கண்டு, இரும்புக்கென்றே அமைந்த உணரி கிடைத்துவிட்டதாகக் கட்டுரை எழுதுவது நடந்திருக்கிறது. இதனினும் சங்கடமான விஷயம், சிட்ரிக் அமிலக் கலவையின் நீல ஒளியில் பெரும்பகுதி கரித்துணுக்குக்கு உரியதன்று, உடன் விளைந்த சிறு மூலக்கூறு ஒன்றினுடையது என்று பிற்பாடு தெரியவந்தமையே. சவ்வூடு பிரிப்பால் அம்மூலக்கூறுகளை முற்றும் அகற்றாமல், கிடைத்த ஒளியையெல்லாம் புள்ளியின் கணக்கில் எழுதினால், ஆராய்வது எந்தப் பொருளை என்பதே ஐயமாகிவிடும்.

மேலும், ஆய்வகத்தில் வாலையில் வடித்த நீர் வேறு, உணரி அளக்க வேண்டிய ஆற்று நீர் வேறு. மக்கிய இலைதழைகளின் சத்து கலந்த ஆற்று நீர் தானே மங்கலான நீலத்தில் ஒளிரும். அதிலுள்ள குளோரைடும் பாதரசத்தைத் தன்பால் கட்டிக்கொள்ளும். இத்தடைகளைக் கடந்து, இரும்பும் செம்பும் அருகிருக்கும்போதும் பாதரசத்தை மட்டும் பிரித்துச் சொல்லுகிற புள்ளியையே உணரி என்று மதிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். குடிநீரின் பாதரசத்தை அளந்து சான்றிதழ் தரும் ஆய்வகங்கள், குளிராவி முறையில் பாதரசம் ஒளியை உட்கவரும் அளவைக் கணிக்கும் பழைய கருவியையும், விலையுயர்ந்த நிறை நிறமாலைமானியையுமே இன்றும் பெரும்பாலும் நம்பியிருக்கின்றன.