ஆர்எக்ஸ்-8 இழுக்கலையா? இன்ஜினை இறக்கும் முன்...

பிரிட்டனில் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் கார், மாஸ்டா ஆர்எக்ஸ்-8. பிஸ்டன் இல்லாத ரோட்டரி இன்ஜின். நேற்றுவரை பறந்த வண்டி இன்று மேடேறத் திணறினால், ‘இன்ஜின் போச்சு’ன்னு உடனே முடிவு கட்டாதீங்க.

முதலில் 4 இக்னிஷன் காயில்களைப் பாருங்க. ஒன்று பலவீனமானாலும் பெட்ரோல் சரியாக எரியாது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் உட்பகுதியையே உருக்கி அடைத்துவிடும். புகை வெளியேற வழியில்லாவிட்டால், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. அதனால் ‘செக் இன்ஜின்’ விளக்கு மினுக்கினால் வண்டியை விரட்டாதீங்க.

இரண்டும் சரியா? அடுத்து கம்ப்ரெஷன். சூடான இன்ஜினை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்க. பிடிக்க அடம்பிடித்தால் ரோட்டரின் முனை சீல்கள் தேய்ந்திருக்கலாம். சாதாரண கேஜ், ரோட்டரின் 3 பக்கங்களையும் தனித்தனியே காட்டாது; ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்க.