போகிக்கு முன்: மீஞ்சூரில் எந்நேரம் நடக்கலாம்?

போகிக்கு இன்னும் ஐந்தே நாள். மீஞ்சூர், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு பக்கமிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கின்றன: மார்கழி விடியலில் ஓசோன் தரைக்கு இறங்கி வருமாமே, அதைச் சுவாசித்தபடி நடந்தால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமா?

கூடாது. ஓசோன் படலம் 15 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது. எந்த மாதத்திலும் அது தெருவுக்கு இறங்குவதில்லை. தரையருகே உண்டாகும் ஓசோன், வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வினைபுரிந்து பிறப்பது. பிற்பகலில் உச்சத்துக்குப் போகும், நுரையீரலை எரிச்சல்படுத்தும். அரசின் காற்றுத் தரக் குறியீடே அதை மாசுகளில் ஒன்றாகத்தான் கணக்கிடுகிறது.

விடியலில் நம் ஊரில் தேங்குவது புகை. பனிக்கால இரவில் தரையும் அதை ஒட்டிய காற்றும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்பதால், லாரிப் புகை, குப்பை எரித்த புகை, சாலையில் கிளம்பும் சாம்பல் தூசி எல்லாம் மூக்குயரத்திலேயே கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் கலையும். 2018 போகியன்று புகையும் பனிமூட்டமும் சேர்ந்து சென்னைக்கு வந்த விமானங்களையே திருப்பி அனுப்பவைத்தன.

“ஆனால் அரசின் காற்றுத் தரச் செயலியில் ‘மிதமானது’ என்றுதானே காட்டுகிறது?” என்கிறார் ஒரு வாசகர். என்னைக் கவலைப்படுத்துவது இந்த இடம்தான். நுண்துகளுக்கு அந்தச் செயலி காட்டும் எண், நீங்கள் வாசலில் நிற்கும் நேரத்துக் காற்றின் அளவல்ல. கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியலில் நான்கு மணி நேரம் நுண்துகள் (பி.எம். 2.5) கனமீட்டருக்கு 300 மைக்ரோகிராம், மீதி இருபது மணி நேரமும் 40 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 83. குறியீட்டில் அதற்குப் பெயர் ‘மிதமானது’. அந்த நான்கு மணி நேரத்தைத் தனியாக எடுத்தால் ‘கடுமையானது’. நடப்பவர் சுவாசித்தது 300-ஐ. போகி முடிந்ததும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் அறிக்கையையும் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

சராசரியின் இதே சிக்கல் வாயுக் கசிவிலும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அன்று உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா ஆலை வாசலில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. அனுமதி அளவான 400 என்பதும் 24 மணி நேரச் சராசரிக்கு வகுத்ததுதான். தொண்டை எரிவதற்குச் சில நிமிடம் போதும்.

ஆகவே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையப் பக்கத்தில் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள்; பக்கத்திலேயே உச்ச அளவும் இருக்கும், அதையும் பாருங்கள். மணலி காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் எண்ணை மீஞ்சூருக்கு அப்படியே பொருத்தவும் வேண்டாம். நடையைக் காலை எட்டரைக்கு மேல் தள்ளுங்கள். முடியாதவர்கள் லாரி ஓடும் நெடுஞ்சாலையை விட்டு உள்தெருக்களில் நடக்கட்டும். நடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது அவசியம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக: ‘எதிர்ப்புச் சக்தியை ஏற்றும்’ பொடி, மாத்திரை? விளம்பரம் சொல்வதுபோல ஏற்றி இறக்கும் ஒரே சக்தி உடம்பில் இல்லை. ஆனால் மூச்சுக்குழாயைக் கூட்டிச் சுத்தம் செய்யும் நுண்மயிர்களையும் கிருமியை விழுங்கும் அணுக்களையும் நுண்துகள் முடக்கும்.

துணி முகக்கவசம்? நுண்துகளுக்குப் போதாது, இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 வேண்டும்.

ஃப்ளூ தடுப்பூசி? முதியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு ஆண்டுதோறும் போடலாம்.

கை கழுவுவது? சோப்புப் போட்டு 20 விநாடி.

தூக்கம்? பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது.

போகியன்று? பழைய பாயை எரிக்கலாம், டயர் மட்டும் வேண்டாம் என்கிறார்கள். பல பாய்களிலும் இன்று பிளாஸ்டிக் இழைதான். எதையும் எரிக்காதீர்கள், வெயில் ஏறும்வரை ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.