இலவச வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவே: அல்வாலில் நடுத்தரக் குடும்பங்கள் தவிப்பது ஏன்?

ஹைதராபாத்: மாதம் 75 ஆயிரம் ரூபாய் ஈட்டும் குடும்பம் அரசின் பார்வையில் ஏழைக் குடும்பம் அன்று. ஆனால், ஹைதராபாத்தின் வடபகுதியான அல்வாலில் அதே குடும்பம் வீடு வாங்க முற்பட்டால், வங்கியின் பார்வையில் அது வசதி படைத்த குடும்பமும் அன்று. இலவச வீட்டுக்குத் தகுதியின்றி, சந்தை விலைக்கும் வழியின்றி நிற்கும் இத்தகைய குடும்பங்களின் நிலைக்கு என்ன காரணம்?

விலை உயர்வது ஏன்?

தனி நகராட்சியாக இருந்த அல்வால், 2007ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. செகந்திராபாத் கண்டோன்மென்ட், ஹக்கிம்பேட்டை விமானப்படை நிலையம் ஆகியவற்றை ஒட்டியுள்ள இப்பகுதி, ஓய்வுபெற்ற ராணுவத்தினரும் மாத ஊதியக்காரர்களும் விரும்பிக் குடியேறும் இடமாக இருந்து வருகிறது.

அண்மை ஆண்டுகளில் இங்கு அடுத்தடுத்துத் திட்டங்கள் வந்துள்ளன. 2022 ஏப்ரலில் பன்னோக்கு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2023 ஏப்ரலில் செகந்திராபாத் - மேட்சல் புறநகர் ரயில் சேவை தொடங்கியது. 2024 மார்ச்சில் ராஜீவ் நெடுஞ்சாலை மீதான உயர்மட்டச் சாலைக்கு அல்வாலில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜூபிலி பேருந்து நிலையத்திலிருந்து ஷாமீர்பேட்டை வரையிலான மெட்ரோ வழித்தடமும் திட்டமிடப்பட்டுள்ளது.

சாலையும் ரயிலும் வருவது குடியிருப்போருக்கு நன்மையே. ஆனால், திட்டம் அறிவிக்கப்பட்ட உடனேயே நிலத்தின் விலை ஏறிவிடுகிறது. திட்டம் பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவருக்கு அந்த உயர்வு லாபம். வாடகைக்குக் குடியிருப்பவரோ, இன்னும் ஓடாத மெட்ரோவுக்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டியுள்ளது.

60 லட்ச ரூபாய் வீட்டின் கணக்கு

கட்டுமானத்தில் உள்ள 60 லட்சம் ரூபாய் அடுக்குமாடி வீடு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிகளின்படி, 30 லட்சம் முதல் 75 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரை மட்டுமே கடன் கிடைக்கும். அதாவது 48 லட்சம் ரூபாய் கடன். எஞ்சிய 12 லட்சம் ரூபாய் சொந்தப் பணம்.

இதனுடன் 5 சதவீத ஜிஎஸ்டி 3 லட்சம் ரூபாய். தெலங்கானாவில் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் உள்ளிட்டவை 2021 ஜூலையில் 6 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதமாக உயர்த்தப்பட்டன. அதன்படி மேலும் 4.5 லட்சம் ரூபாய். ஆக, குடிபுகும் முன்னரே 19.5 லட்சம் ரூபாய் கையில் இருக்க வேண்டும். மாதம் 75 ஆயிரம் ரூபாய் ஊதியத்தில் இது 26 மாதங்களின் முழு வருமானம்.

மாதத் தவணையும் எளிதன்று. 48 லட்சம் ரூபாய் கடனுக்கு 20 ஆண்டுகளில், 8 சதவீத வட்டியில் தவணை சுமார் 40,150 ரூபாய். அது அக்குடும்பத்தின் வருமானத்தில் பாதிக்கும் மேல்.

வட்டி விகிதமும் நிலையானதன்று. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. அந்த உயர்வு முழுவதும் கடன்தாரர் மீது ஏற்றப்பட்டு, 7 சதவீத வட்டி 9.5 சதவீதமானால், இதே கடனின் தவணை மாதம் சுமார் 7,500 ரூபாய் கூடும். 2025ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி 1.25 சதவீதப் புள்ளிகளைக் குறைத்தது. எனினும், ஏறிய வட்டியில் பாதி மட்டுமே இதனால் இறங்கியுள்ளது.

சலுகைகள் எட்டாதது ஏன்?

பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம், ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கு வட்டி மானியம் வழங்குகிறது. அதிகபட்ச மானியம் 1.80 லட்சம் ரூபாய். ஆனால், வீட்டின் மதிப்பு 35 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. வருமானத்தால் தகுதி பெறும் குடும்பம், வீட்டின் விலையால் தகுதி இழக்கிறது.

ஒரு சதவீத ஜிஎஸ்டி சலுகையும் இவ்வாறே. ஹைதராபாத் போன்ற பெருநகரங்களில் வீட்டின் விலை 45 லட்சம் ரூபாய்க்குள்ளும், பரப்பளவு 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். 2019இல் இந்தச் சலுகை நடைமுறைக்கு வந்தபோது வகுக்கப்பட்ட வரம்பு இது.

மறுபுறம், தெலங்கானா அரசு இலவசமாக வழங்கிய இரு படுக்கையறை வீடுகள் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கானவை. நகர்ப்புறத்தில் உணவுப் பாதுகாப்பு அட்டை பெறுவதற்கான ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். இந்த வரம்பைச் சற்றே தாண்டியவருக்கு இலவச வீடும் இல்லை. வங்கிக் கடனும் எட்டாது.

வீடற்றோருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வாங்க இயலாத நடுத்தரக் குடும்பம் வாடகை வீட்டிலேயே தங்குகிறது. அதற்கு அடுத்த நிலையில் உள்ளவர் அதைவிடச் சிறிய வீட்டுக்கு நகர்கிறார். கடைசிப் படியில் இருப்பவருக்கு ஓர் அறையும் மிஞ்சுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் 17.7 லட்சம் பேர், அவர்களில் 9.38 லட்சம் பேர் நகரங்களில் வாழ்ந்தனர். அதே கணக்கெடுப்பில் நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்ததும் பதிவானது.

நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 2012இல் மதிப்பிட்ட மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு, 1.878 கோடி வீடுகள் தேவை எனக் கூறியது. அதில் ஏறத்தாழ 80 சதவீதம், ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழும் குடும்பங்களின் தேவை. சாலையோரத்தில் வாழ்வோரின் பங்கு சுமார் 3 சதவீதமே. பற்றாக்குறையின் பெரும்பகுதி நடைபாதையில் அன்று, கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

வீடு வாங்குவோர் அறிய வேண்டியவை

விலை குறைவு எனக் கூறி, அனுமதி பெறும் முன்பே முழுத் தொகையையும் வசூலிக்கும் விற்பனைகளில் நடுத்தரக் குடும்பங்கள் சேமிப்பை இழக்க நேரிடுகிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டங்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவு பெற வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறுவதைச் சட்டம் தடை செய்கிறது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, கடன் காலத்தை நீட்டிப்பதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்கு வழங்குமாறு 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது.

வாடகைதாரருக்கான பாதுகாப்பு மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்துகிறது 2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம். ஆனால், மாநிலம் சட்டமியற்றினால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும். ஏழைகளுக்கென ஒரு வரம்பும், சந்தைக்கென ஒரு விலையும் இருக்கும் நகரத்தில், இரண்டுக்கும் நடுவே வாழ்வோர் பெரும்பாலும் வாடகைதாரர்களே. அவர்களுக்கான வீட்டுக் கொள்கையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியுள்ளது.